மறு: சர்குலர் வாக் – தமிழ்ல எப்படிச் சொல்றது?

> வணக்கம். இங்கிலாந்துல டார்பிஷயர் பக்கம் டெர்வென்ட் ஆத்தோரமா சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டுக்குள்ள போற நடைப்பாதை ஒண்ணைப் பத்தி தமிழ்ல வழிகாட்டிக் குறிப்பு எழுதறேன். சர்குலர் வாக்குக்கு "வட்ட நடை"ன்னு போட்டிருக்கேன், சரியா இருக்குமா?
>
> > வட்ட நடைய விட "வலம்" அழகா இருக்கே, கிரிவலம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. "எஸ்டேட் வலம்"னு வச்சிடலாம்.

ரெண்டு பேருக்கும் வணக்கம்ங்க. நான் ஷெஃபீல்டுல இருக்கறவ, அந்தப் பாதை எனக்கு நல்லாத் தெரியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல வலம் வேண்டாம்னு சொல்லிடறேன். வலம்னா நடுவுல ஒண்ணு இருக்கணும், அது சாமியோ மலையோ, அதை வலது கைப்பக்கம் வச்சு சுத்தறதுதான் வலம். இந்த நடைக்கு நடுன்னு ஒண்ணு கிடையாது. கால்ட்டன் லீஸ் கார் பார்க்கிங்ல ஆரம்பிச்சு ஆத்தோட மேற்குக் கரையிலயே வடக்கால போறோம், இடிஞ்சு கிடக்கற பழைய மில்லைத் தாண்டி ஜேம்ஸ் பெய்ன்ங்கற கட்டடக் கலைஞர் 1760கள்ல கட்டின கல் பாலம் வரைக்கும், அங்கிருந்து மேல ஏறி எடென்சர் கிராமம், அப்பறம் மேய்ச்சல் மேடு, நியூ பீஸ் உட்ங்கற தோப்பு, அப்படியே இறங்கி மறுபடி கால்ட்டன் லீஸ். எல்லாரும் பாக்க வர்ற அந்தப் பெரிய சாட்ஸ்வொர்த் மாளிகை கிழக்குக் கரையில நிக்குது, அதாவது நம்ம சுத்துக்கு வெளியவே இருக்கு! அப்பறம் எப்படி அதை வலம்னு சொல்றது. இடப்பக்கமா சுத்தினாலும் ஒண்ணும் தப்பில்ல, எந்தப் பக்கம் போனாலும் அது சர்குலர் வாக்தான்.

வட்ட நடைல என்ன சிக்கல்னா பாதை வட்டமாவே இருக்காது, மேப்புல பாத்தா கோணலும் மாணலுமா இருக்கும். "வட்டப் பாதை"ன்னு இயற்பியல் பாடத்துல வேற படிச்சிருக்கோம். கிளம்பின இடத்துக்கே திரும்பணும், ஆனா போன வழியிலயே திரும்பக் கூடாது, சர்குலர்ங்கறது இவ்வளவுதான். அதுக்கு "சுத்து" போதும். ஊரைச் சுத்தி வந்தேன்னு சொன்னா யாரும் காம்பஸ் வச்சு வட்டம் போட்டுப் பாக்கறதில்ல. அதனால என் ஓட்டு சுற்றுநடைக்கு. சுற்றுலாங்கற சொல்லே கச்சிதமாப் பொருந்தியிருக்கும், அது டூரிசத்துக்குப் போயிடுச்சு. சுற்றுநடைன்னு வச்சா மத்ததும் கூடவே வந்துரும், ஒரு ஊர்ல ஆரம்பிச்சு இன்னொரு ஊர்ல முடிச்சு பஸ் புடிச்சுத் திரும்பறது ஒருவழி நடை, போன வழியிலயே வந்தா போய்வரு நடை.

ஆனா இதை விட எனக்கு முக்கியமாப் படறது உங்க குறிப்புல "பாதை"ன்னு ஒரே சொல்லை எல்லா இடத்துலயும் போட்டிருக்கறது. இது டெவன்ஷயர் டியூக் குடும்பத்தோட எஸ்டேட். அடுத்தவங்க நிலத்துல நாம எப்படி நடக்கறோம்? அங்க பாதை ரெண்டு வகைங்க. ஒண்ணு சட்டப்படி பொதுமக்களுக்கு உரிமை உள்ளது, நிலத்துக்காரர் நினைச்சாலும் மூட முடியாது. 1949ல அங்க வந்த தேசியப் பூங்காச் சட்டத்துக்கு அப்பறம் கவுன்சில்கள் அதையெல்லாம் அதிகாரபூர்வ வரைபடத்துல ஏத்தி வச்சிருக்காங்க, ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசு நில அளவைத் துறை போடற எக்ஸ்ப்ளோரர் மேப்புல பச்சைக் கோடு கோடாத் தெரியும். இன்னொண்ணு நிலத்துக்காரர் சரி நடந்துக்கங்கன்னு விட்டது, இது ஆரஞ்சுக் கோடு. இருபது வருஷம் தடையில்லாம ஜனங்க நடந்துட்டா உரிமையாயிடும்னு சட்டம் இருக்கறதால, ரெண்டாவது வகைப் பாதைய சில எஸ்டேட்காரங்க வருஷத்துல ஒருநாள் மூடி வைக்கறதும் உண்டு. இந்த மாதிரி எஸ்டேட்ல ஒரே நடையில ரெண்டு வகையும் மாறி மாறி வரலாம். அதனால உரிமைப் பாதை, இசைவுப் பாதைன்னு பிரிச்சே எழுதணும்னு கேட்டுக்கறேன். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி இதே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில, நடக்க உரிமை கேட்டு கிண்டர் ஸ்கௌட் மேட்டு மேல நூத்துக்கணக்குல தொழிலாளிங்க அத்துமீறி ஏறினாங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1951ல இந்தப் பகுதி பிரிட்டனோட முதல் தேசியப் பூங்காவாச்சு, 2000ல திறந்த மேட்டு நிலங்கள்ல நடக்க சட்டமும் வந்துச்சு. இவ்வளவு சண்டை போட்டு வாங்கினதை நாம வெறும் "பாதை"ன்னு எழுதிட்டுப் போறது எனக்கு மனசு ஒப்பல.

> அக்கா, சுற்றுநடை, உரிமைப் பாதை, இசைவுப் பாதை மூணும் எடுத்துக்கறேன். வலம்னு சொன்னவரும் சரின்னுட்டார். வழியில வர்ற கிஸ்ஸிங் கேட்டுக்கு ஒருத்தர் "முத்தக் கதவு"ன்னு அனுப்பியிருக்கார், அதை என்ன செய்ய?

முத்தக் கதவு வேண்டவே வேண்டாம்ங்க. அந்தக் கதவு அடைப்போட ரெண்டு பக்கமும் லேசாத் தொட்டு நிக்கும், அதுக்குத்தான் அந்தப் பேரு. வேலை என்னன்னு பாருங்க, ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் உள்ள போய் கதவைத் தள்ளி வெளிய வரலாம், பார்க்ல மேயற ஆடு வர முடியாது. எங்க ஈரோடு பக்கம் கிளுவை வேலில விடற வழிக்கு கடவுன்னுதான் பேரு, அதனால ஆள்கடவு. வேலி மேல கால் தூக்கி வச்சுத் தாண்டற படிக்கு (ஸ்டைல்) ஏறுகடவு. ரெண்டு பக்கமும் வேலி உசந்து நிக்கற சந்துக்கு புதுசா ஒண்ணும் உருவாக்க வேண்டாம், கொங்குல இட்டேரின்னு சொல்லே இருக்கு.

> அருமை. எஸ்டேட்?

இதுலதான் நான் இன்னும் தெளிவா இல்ல. எஸ்டேட்னு விட்டா வால்பாறை தேயிலைதான் ஞாபகம் வரும். ஜமீன்னு சொன்னா கிட்ட வருது, மெட்ராஸ்ல 1908ல வந்த நிலச் சட்டமே ஜமீனை எஸ்டேட்னுதான் சொல்லுச்சு, ஆனா ஜமீனுக்கு வரி வசூல்தான் அடிப்படை. சாட்ஸ்வொர்த்ல மாளிகை, அதைச் சுத்தி கேப்பபிலிட்டி பிரவுன்ங்கற தோட்டக்கலைஞர் 1760கள்ல இயற்கை மாதிரியே தெரியற மாதிரி அமைச்ச புல்வெளி, குத்தகைப் பண்ணைங்க, ஒரு முழு கிராமம், எல்லாம் சேர்ந்ததுதான் எஸ்டேட். எடென்சரையே எடுத்துக்கங்க, மாளிகைல இருந்து பாத்தா கண்ணுல படக்கூடாதுன்னு பழைய ஊரை எடுத்துட்டு ஆறாவது டியூக் காலத்துல புதுசாக் கட்டின ஊரு அது, ஒரு வீடு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒரு ஆளுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்துச்சுங்கறதும் அந்தச் சொல்லுக்குள்ள வரணும்ல. "மாளிகைப் பண்ணை"ன்னு ஒண்ணு யோசிச்சேன், பண்ணைன்னதும் வெறும் விவசாயம்னு நினைச்சுருவாங்களோன்னு தயக்கமா இருக்கு. மத்த சொல்லையெல்லாம் இப்பவே போட்டுருங்க, இதுக்கு மட்டும் தஞ்சாவூர் பக்கத்து ஆளுங்க யாராவது பெரிய பண்ணைகளப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லட்டும், அதுவரைக்கும் எஸ்டேட்டுன்னே இருக்கட்டும்.