வங்கி லாப வளர்ச்சி: ஆய்வுக்கு உதவி தேவை

வணக்கம். எம்.காம். ஆய்வுக்காக கரூர் வைசியா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிகளின் பத்து வருட ஆண்டறிக்கைகளைப் படித்து வருகிறேன். நிகர வட்டி வரம்பு (வங்கி வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம், சொத்தின் சதவீதமாக), நடப்பு மற்றும் சேமிப்புக் கணக்குகளின் பங்கு, வாராக்கடன், இயக்கச் செலவு இவைதான் லாப வளர்ச்சிக்கு நான் எடுத்த காரணிகள்.

சிக்கல் ஒதுக்கீட்டில் இருக்கிறது. வாராக்கடனுக்கு ஒதுக்கும் தொகை குறைந்தாலே நிகர லாபம் துள்ளி எழுகிறது, கடன் பெரிதாக வளராத வருடத்திலும்கூட. அதை வளர்ச்சி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒதுக்கீட்டுக்கு முந்தைய இயக்க லாபத்தை எடுப்பதுதானே சரி?

அப்புறம் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. ரெப்போவோடு இணைந்த அண்ணனின் வீட்டுக்கடன் வட்டி சீக்கிரமே இறங்கியது. அம்மாவின் வைப்புநிதிக்கு முதிர்வு வரை பழைய வட்டிதான். இந்த இடைவெளி வங்கியின் நிகர வட்டி வரம்பைக் கடிக்கிறது. ஆண்டுத் தரவில் இதை எப்படிக் காட்டுவது? காலாண்டுக் கணக்குக்கு மாற வேண்டுமா?

வங்கியில் பணிபுரிபவர்கள், இதே துறையில் ஆய்வு செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.