நீந்தினால் கொழுப்பு குறையாதாம்: ஓட்டக்காரருக்கு மறுப்பு

நீர்க்காகம்:
உடல் எடை பற்றிய சென்ற வார விவாதத்தில் ஓட்டக்காரர் எழுதியதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. “நீச்சலால் கொழுப்பு குறையாது, குளிர்ந்த நீரில் உடல் தன் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஆகவே குளத்துக்குப் போகும் நேரத்தில் நடந்துவிட்டு வாருங்கள்” என்று அவர் தீர்ப்பே வழங்கிவிட்டார். இதை நம்பிப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தலாமா என்று பெற்றோர்கள் என்னிடமே வந்து கேட்கிறார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நிதானமாக ஒரு மணி நேரம் ஃப்ரீஸ்டைல் நீந்தினால் ஏறத்தாழ 400 கலோரி செலவாகிறது. அதே நேரம் விரைந்து நடந்தால் 300 கலோரிதான். இதில் நடை எப்படி உயர்ந்தது என்பதை அவர் விளக்கட்டும்.

ஓட்டக்காரர்:
விளக்குகிறேன். 1987இல் அமெரிக்காவில் குவினப் என்பவர் வெளியிட்ட ஆய்வில், பருமனான பெண்கள் உணவைக் கட்டுப்படுத்தாமல் நடந்தும், சைக்கிள் மிதித்தும், நீந்தியும் பயிற்சி செய்தார்கள். நடந்தவர்களுக்கு எடை 10 சதவீதமும், சைக்கிள் மிதித்தவர்களுக்கு 12 சதவீதமும் குறைந்தன. நீந்தியவர்களுக்குக் குறையவே இல்லை. 2005இல் வெளியான ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு காரணத்தையும் காட்டியது: 20 டிகிரி நீரில் பயிற்சி செய்து கரையேறிய மாணவர்கள், 33 டிகிரி நீரில் பயிற்சி செய்தபின் சாப்பிட்டதைவிட 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். குளத்தில் செலவழித்ததைக் கரையில் தின்று தீர்த்துவிட்டால் கொழுப்பு எங்கிருந்து குறையும்?

நீர்க்காகம்:
20 டிகிரி! சென்னையிலோ மதுரையிலோ 20 டிகிரி நீர் உள்ள நீச்சல் குளம் ஒன்றைக் காட்டுங்கள். சர்வதேசப் போட்டிகளுக்கே 25 முதல் 28 டிகிரிவரை என்றுதான் விதி. சித்திரை வெயிலில் நம் திறந்தவெளிக் குளங்கள் அதற்கும் மேலே போகும். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சொல்கிறேன். அந்த மாணவர்கள் நீந்தவே இல்லை, நீருக்குள் சைக்கிள் மிதித்தார்கள். 33 டிகிரி நீரிலிருந்து வந்தவர்கள், சும்மா ஓய்வில் இருந்த நாளில் சாப்பிட்ட அளவுதான் சாப்பிட்டார்கள். உங்கள் சான்றே என் பக்கம் பேசுகிறது.

மருதம்:
இருவரும் இதையும் கவனிக்க வேண்டும். 2010இல் ஆஸ்திரேலியாவில், 50 முதல் 70 வயதுக்குட்பட்ட பெண்களை நீந்துபவர்கள், நடப்பவர்கள் எனப் பிரித்து நடத்திய ஆய்வு வெளியானது. அதில் நடந்தவர்களோடு ஒப்பிடும்போது நீந்தியவர்களுக்கு எடை 1.1 கிலோ கூடுதலாகக் குறைந்தது. முழங்கால் வலியோடு நடக்க முடியாத பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் “நடந்துவிட்டு வாருங்கள்” என்று சொல்வது எந்த வகையில் அறிவுரை?

ஓட்டக்காரர்:
1.1 கிலோவா? இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா? மருதம் அம்மா, முழங்காலைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஓடினால் முழங்கால் தேயும் என்று போன ஆண்டு நீர்க்காகம் கிளப்பிவிட்ட கதைக்கே அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறவர் நீச்சலை விட்டுக்கொடுத்துப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நீர்க்காகம்:
என் கட்டணத்துக்கும் நீரின் வெப்பநிலைக்கும் என்ன தொடர்பு? 20 டிகிரிக் குளம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் என் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்தப் பழக்கம் உங்களுக்குப் புதிதும் அல்ல.

கடலோரம்:
குளத்தை விட்டுக் கடலுக்கு வாருங்கள். ஆங்கிலக் கால்வாயை நீந்துகிறவர்கள் கொழுத்த உடம்போடு இருப்பதை எல்லோரும் அறிவார்கள். 1972இல் 15 வயதில் அதைக் கடந்த லின் காக்ஸின் உடலில் கொழுப்பின் அளவு சராசரிப் பெண்களைவிட அதிகம். குளிர்நீரில் அவர் தாக்குப்பிடித்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஓட்டக்காரர் சொல்வதில் இந்த அளவு உண்மை இருக்கிறது.

நீர்க்காகம்:
கடலோரம், அந்தக் கொழுப்பைக் கடலா கொடுத்தது? குளிர்க் கடலில் இறங்கப் போகிறவர்கள் மாதக்கணக்கில் வேண்டுமென்றே கூடுதலாகச் சாப்பிட்டு எடை ஏற்றிக்கொள்கிறார்கள். கோடையிலும் அந்தக் கால்வாயின் நீர் ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரிதான். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் நீந்தியது நம் வெதுவெதுப்பான கடல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குளிர், வெப்பம் என்ற வேறுபாட்டைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடலோரம்:
ஆனந்தன் அண்ணரின் பெயரை இந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம். அவர் 1984இல் அந்த ஆங்கிலக் கால்வாயிலேயே உயிர் நீத்தார். எங்கள் ஊரில் அவரைக் கலோரிக் கணக்குக்கு யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

நீர்க்காகம்:
அவரை மதித்துத்தான் எழுதினேன். நீரிணையைக் கடப்பவர்களின் உடம்பைப் பற்றிய பேச்சைத் தொடங்கியது நான் அல்ல, நீங்கள்.

வடகரை:
எங்கள் ஊர்க் கிணற்றில் விடியற்காலை குதித்தால் நீர் சில்லென்று இருக்கும். அதுவும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தானே வரும்? அப்படியானால் ஓட்டக்காரர் சொல்வது கிணற்றுக்காவது பொருந்தும் அல்லவா?

நீர்க்காகம்:
பொருந்தாது. நிலத்தடி நீரின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். நம் சமவெளியில் அது 20 டிகிரிக்கு வெகுவாக மேலே. உடம்பு 37 டிகிரியில் இருப்பதாலும், காற்றைவிட நீர் வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்வதாலும் 27 டிகிரி நீரே தோலுக்குக் குளிர்ச்சியாகப் படுகிறது.

மருதம்:
அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்பும் வரும் என்று சொல்லி இளைஞர்களைக் குளத்துக்கு இழுப்பதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 சென்டிமீட்டர், விரித்த கைகளின் நீளம் 201 சென்டிமீட்டர். அந்த எலும்பை நீச்சல் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட உடம்பு வாய்த்தவர்களே போட்டிகளில் மேலே வருகிறார்கள்.

ஓட்டக்காரர்:
நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. நீர்க்காகத்தின் விளம்பரப் பலகையில் அந்தத் தோள்தானே இருக்கும்! 400 கலோரி என்றாரே, அது இடைவிடாமல் நீந்துகிறவருக்கான கணக்கு. ஒரு மணி நேரம் குளத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு நீளம் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பவர் அந்த ஒரு மணி நேரமும் நடக்கிறார்.

நீர்க்காகம்:
சுவரைப் பிடித்து நிற்பது நீச்சலின் குற்றம் அல்ல. அவர்களை நிற்க விடாமல் நீந்த வைப்பதுதான் என் வேலை. பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறவர்களை நடைப்பயிற்சிக் கணக்கில் நான் சேர்த்தேனா? 20 டிகிரிக் குளத்தின் முகவரி இன்னும் வரவில்லை.

ஓட்டக்காரர்:
1987ஆம் ஆண்டு ஆய்வுக்கு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பதில் எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள், பிறகு முகவரி கேட்கலாம்.