உதவி தேவை: 40 சதவீதத்துக்கு 40 பாகை போடுறா, வட்டம் நிறைய மாட்டேங்குது

எட்டாவது பொண்ணோட அம்மா:
வணக்கம். என் பொண்ணு எட்டாவது, தமிழ் மீடியம். பின்னம் தனியா கேட்டா உடனே சொல்லிடுவா. கோணம் அளக்கவும் வரும். ரெண்டும் சேர்ந்து வந்தாதான் தடுமாறுறா. ஒரு குடும்பத்தோட மாதச் செலவு: உணவு 40%, வாடகை 25%, கல்வி 20%, சேமிப்பு 15%. இதுக்கு வட்ட விளக்கப்படம் வரையணும். உணவுக்கு 40 பாகை, வாடகைக்கு 25 பாகைன்னு போட்டுக்கிட்டே போனா, வட்டத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல காலியா நிக்குது. "மிச்சம் எதுக்கும்மா?"ன்னு கேக்குறா. சூத்திரத்தை மனப்பாடம் பண்ண வைக்க எனக்கு மனசில்லை. எப்படிப் புரிய வைக்கலாம்?

கணக்கு ஆசிரியர்:
அம்மா, பிள்ளை சரியான கேள்விதான் கேட்டிருக்கு. முழுசு 100ன்னு வெச்சு வரைஞ்சிருக்கா. கோணத்துல முழு வட்டம் 360. அந்தக் காலி இடம் 260 பாகை. அதை அவளையே அளந்து பார்க்கச் சொல்லுங்க.

முதல்ல சதவீதத்தைப் பின்னமாக்கட்டும். 40% என்பது 2/5. 360ஐ அஞ்சு பங்கு போட்டா ஒரு பங்கு 72, ரெண்டு பங்கு 144. வாடகை கால் பாகம், 90. கல்வி 1/5, அதனால 72. சேமிப்பு 3/20, இருபதுல ஒரு பங்கு 18, மூணு பங்கு 54. நாலையும் கூட்டினா 360 வரணும். இந்தக் கூட்டலை எந்தக் கணக்குலயும் விட வேண்டாம்.

பின்னமும் கோணமும் ஒண்ணா மனசுல பதியணும்னா, காகிதத்துல வட்டம் வெட்டி மடிக்கச் சொல்லுங்க. பாதி 180, கால் 90, அரைக்கால் 45. மடிப்புக் கோட்டு ஓரமாவே பின்னத்தையும் பாகையையும் எழுதட்டும்.

இன்னொரு ஆசிரியை:
சார் சொன்னதோட ஒண்ணு. 144 வரையும்போது பாகைமானியில கவனம். அதுல ரெண்டு வரிசை எண் இருக்கு. தப்பான வரிசையைப் பார்த்தா அதே இடத்துல 36ன்னு இருக்கும். ஆரக்கோட்டுல 0 எந்த வரிசையில ஆரம்பிக்குதோ அதுலயே எண்ணிப் போகணும். 144 விரிகோணம், செங்கோணத்தை விடப் பெருசு. வரைஞ்சதும் கண்ணால பார்த்தாலே தெரிஞ்சிடும்.

எட்டாவது பொண்ணோட அம்மா:
ரொம்ப நன்றி சார், நன்றி மேடம். கூட்டல் 360 வந்ததும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்! இப்ப புதுசா ஒரு சந்தேகம். வட்டத்தைப் பெருசா வரைஞ்சா 144ம் கூடுமாம்.

கணக்கு ஆசிரியர்:
கூடாது. சின்ன தோசையைக் கால் பாகமா வெட்டினாலும் பெரிய தோசையை வெட்டினாலும் முனைக் கோணம் 90தான். வளைஞ்ச ஓரம்தான் நீளும். ஆரம் 7 செ.மீ. வட்டத்துல சுற்றளவு 2 × 22/7 × 7 = 44 செ.மீ. அதுல கால் பாக வில் 11 செ.மீ. ஆரம் 14 ஆனா வில் 22 ஆயிடும், கோணம் மாறாது. ரெண்டு வட்டத்தையும் வரைஞ்சு, ஓரத்துல நூலை ஒட்டி அளந்து காட்டுங்க.

கல்லூரி மாணவர்:
சார், 1/7 வந்தா? 360 ஏழால வகுபடாதே.

கணக்கு ஆசிரியர்:
51 3/7 பாகை வரும் தம்பி. பாகைமானியில அவ்வளவு நுட்பமா அளக்க முடியாது, 51ஐ ஒட்டி வரைஞ்சாப் போதும். ஆனா கணக்குல பின்னமாவே வெச்சுக்கணும். ஏழு பகுதியையும் 51ன்னே எழுதினா 357தான் வரும், 3 பாகை இடிக்கும்.