கீமோ எடுக்கிற மாமிக்குத் தொப்பி: என்ன நூல் நல்லம்?

வெள்ளவத்தைப்பிள்ளை:
மாமிக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில கீமோ தொடங்கி ரெண்டு கிழமை, நேற்று தலை இழுக்கேக்க முடி கொத்தாக் கையோட வந்திட்டுது, மனுசி ஒண்டும் சொல்லேல்ல, சீப்பை மட்டும் ஒளிச்சு வச்சிட்டா. தொப்பி பின்னுவம் எண்டு புறக்கோட்டையில கம்பளி நூல் வாங்கிட்டன், இந்த வெக்கைக்குச் சரிவருமோ? குரோஷே, அதான் கொக்கி ஊசிப் பின்னல், மட்டும்தான் தெரியும்.

நூல்பைத்தியம்:
ஐயோ கம்பளி வேண்டாம், அந்த நேரம் தலைத்தோல் நோகும், கம்பளி கடிக்கும். பருத்தி நூல் எடுங்கோ, கையில இல்ல, கழுத்தில தேய்ச்சுப் பாத்து வாங்குங்கோ. 4 மிமீ ஊசி காணும். உச்சியில தொடங்கிச் சுத்திச் சுத்திப் பின்னினா பொருத்துத் தையலே வராது. தலைச் சுற்றளவைவிட 2, 3 செமீ குறையப் பின்னுங்கோ, பருத்தி இழுபட்டுத் தளரும். பெரிய ஓட்டை டிசைன் போட்டா மொட்டை தெரியும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
நானும் கீமோ எடுத்தவள்தான் தங்கச்சி. பகல்ல தொப்பி போடவே ஏலாது, வேர்த்து ஊத்தும், இரவு ஃபேன் காத்துக்கும் வாட்டில ஏசிக்கும்தான் தேடினது. ஒராள் பூவும் பொத்தானும் வச்சுத் தந்தவ, வடிவுதான், படுத்தாக் குத்தும். வாசமில்லாத சோப்பில கழுவிக் குடுங்கோ, எனக்கு அப்ப பவுடர் மணத்துக்கே சத்தி வரும். நிறத்தை மாமியிட்டயே கேளுங்கோ, எனக்கு வந்ததெல்லாம் ரோஸ்!

வெள்ளவத்தைப்பிள்ளை:
கேட்டன் அக்கா. கறுப்பு வேணுமாம், முடி மாதிரி இருக்குமாம். மாத்திப் போட ரெண்டாப் பின்னுறன். கம்பளியைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரோ?

நூல்பைத்தியம்:
எடுக்கமாட்டினம். குளிர் ஊர் நுவரெலியாவில சொந்தக்காரர் இருக்கினமோ? 😄