ஆம்பளைங்க மனச்சோர்வுக்காக 60 கிமீ ஓடப்போறோம், நன்கொடை எப்படி கேக்கறது?

காலைஓட்டம்_கோவை:
வணக்கம்ங்க. நாங்க பதினாலு பேர் தினமும் ரேஸ்கோர்ஸ்ல ஓடறவங்க, பாதிப்பேர் ஜாப் ஒர்க் பட்டறை வெச்சிருக்காங்க. எங்ககூட ஓடிட்டு இருந்த ஒருத்தர் போன வருஷம் தற்கொலை பண்ணிக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி நாலு மாசமா அவர் ஓட வரவே இல்ல, ஆர்டர் ஜாஸ்தி போலன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம், ஒருத்தர்கூட வீட்டுப்பக்கம் போய் பாக்கல, அது இன்னும் உறுத்திட்டே இருக்கு.

மெல்போர்ன்ல 2003ல 30 பேர் மீசை வளத்து ஆரம்பிச்சது மூவம்பர்ங்கற ஆண்கள் நல இயக்கம். உலகத்துல மணிக்கு 60 ஆம்பளைங்க தற்கொலைல போறாங்கன்னு அதுல நவம்பர் மாசம் 60 கிமீ ஓடுவாங்க இல்லனா நடப்பாங்க. அதே மாதிரி நாங்களும் ஓடி பணம் சேக்கலாம்னு இருக்கோம். கோயம்புத்தூர் மாரத்தான் கேன்சர் பவுண்டேஷனுக்காக நடக்குது, அதுக்குன்னு கேட்டா யோசிக்காம குடுக்கறாங்க. இதை வாட்ஸப் குரூப்ல போட்டா "ஆம்பளைக்கு என்னங்க டிப்ரஷன், எல்லாம் கடன்தான்"னு ஒருத்தர், மத்தவங்க கும்பிடு எமோஜி போட்டதோட சரி. இறந்தவர் போட்டோவைப் போட்டு கேளுங்க, குடுப்பாங்கன்னு சிலர் சொல்றாங்க. போடலாமா? பணத்தை யாருக்கு குடுக்கறது?

பீளமேடு_லேத்:
அந்த குரூப்ல சொன்னவருக்கு என் கதைய சொல்லுங்ணா. எனக்கும் கடன் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா கடன் அடைஞ்ச பிறகும் ஏழு மாசம் எனக்கு தூக்கமில்ல. அழுகையெல்லாம் வரல, கோவம்தான் வந்துச்சு, பட்டறைல பசங்கள கண்டபடி திட்டுவேன், ராத்திரி குடி. நெஞ்சு எரியுதுன்னு ஈசிஜி எடுத்தா நார்மல். அந்த டாக்டர்தான் உக்கார வெச்சு பேசிட்டு மனநல ஓபிக்கு எழுதிக்குடுத்தாரு. மாத்திரை வேலை செய்ய மூணு வாரம் ஆச்சு, முதல் வாரத்துலயே நிறுத்தப் பாத்தேன், வீட்ல விடல.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், ஓடினா டிப்ரஷன் போயிரும்னு போஸ்டர் அடிச்சிராதீங்க. எந்திரிச்சு பல்லு வெளக்கவே முடியாம கெடந்தப்ப என்கிட்ட ஆளாளுக்கு "வாக்கிங் போ"ன்னாங்க, அதைக்கூட செய்ய முடியலையேன்னு இன்னும் உள்ள போயிட்டேன். மாத்திரை பிடிச்சு தூக்கம் வந்த பிறகுதான் ஓட ஆரம்பிச்சேன், அப்பத்திலிருந்து அது பெரிய துணை.

தாரணி_அக்கா:
போட்டோ போடாதீங்க தம்பி. என் தம்பி போனப்ப ஊர்ல எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்னுதான் சொல்லி வெச்சோம். யாரோ நல்ல எண்ணத்துலதான் காரணத்தோட அவன் படத்தை பேஸ்புக்ல போட்டாங்க, எங்கம்மாவுக்கு பக்கத்து வீட்டு பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்ககூட ஓடினவரோட வீட்டம்மாவ நேர்ல போய் பாருங்க, போன்ல கேக்காதீங்க. போனதும் இந்தப் பேச்சை எடுக்காம கொழந்தைங்க படிப்பு எப்படி போகுது, வண்டி டியூ கட்டியாச்சான்னு விசாரிங்க. அவங்க வேண்டாம்னா அதோட விட்ருங்க, பேரும் வேண்டாம் படமும் வேண்டாம்.

வரவுசெலவு:
கணக்கு விஷயம் நான் சொல்றேன். உங்க சொந்த யூபிஐல வாங்காதீங்க, நாளைக்கு சண்டை வரும். பணம் போய்ச் சேர வேண்டிய டிரஸ்ட் அக்கவுண்டுக்கே நேரா அனுப்பச் சொல்லுங்க, ரசீது குடுத்தவங்க பேருக்கே வந்துரும். அந்த டிரஸ்டுக்கு 80ஜி பதிவு, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு கெடைக்கற பதிவு, இருக்கான்னு பாருங்க, பழைய வருமானவரி முறைல இருக்கறவங்களுக்குத்தான் அந்த கழிவு, அதுவும் 2000க்கு மேல ரொக்கமா குடுத்தா கிடையாது. டீஷர்ட், தண்ணி செலவெல்லாம் நீங்க பதினாலு பேரும் போட்டுக்கங்க, நன்கொடைல கை வெக்காதீங்க. யாருக்குன்னா, சென்னை ஸ்நேகாவ கேட்டுப் பாருங்க, 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்சது, தற்கொலைத் தடுப்புக்காகவே இருக்கற அமைப்பு.

இன்னொண்ணு, 2022ல நாடு முழுக்க தற்கொலைல போனவங்க 1,70,000க்கு மேல, அதுல நூத்துக்கு எழுபத்திரெண்டு பேர் ஆம்பளைங்க, ஆண் பெண் எல்லாம் சேத்து பாத்தா நாலுல ஒருத்தர் தினக்கூலி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு இது. அந்த ஆம்பளைக்கு என்னங்கன்றவருக்கு இதை அனுப்புங்க.

பீளமேடு_லேத்:
டீஷர்ட்ல மனச்சோர்வு விழிப்புணர்வுன்னு போட்டா எங்காளுங்க படிச்சிட்டு போயிருவாங்க, அது யாருக்கோன்னு. நாங்க சொல்ற வார்த்தை அது இல்லீங்க, தூக்கம் வரல, டென்ஷன், ஒடம்பு வலின்னுதான் சொல்லுவோம். முதுகுல "தூக்கம் வரலையா? 14416" அவ்வளவு போதும். அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் அது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.

காலைஓட்டம்_கோவை:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து நானும் இன்னொருத்தரும் அவங்க வீட்டுக்கு போயிட்டு வந்தோம். படம் வேண்டாம்னாங்க, பேரும் வேண்டாம். ஆனா மூத்த பையன் பிளஸ் டூ படிக்கிறான், நானும் ஓட வரட்டுங்களா மாமான்னு கேட்டான். ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து ரெண்டரை கிமீ, 24 சுத்துன்னா 60 ஆச்சு, வாரத்துக்கு ஆறு சுத்து, பேசிட்டே போற வேகத்துலதான் போறோம். யாராவது ரெண்டு நாள் வரலன்னா அன்னிக்கு சாயந்திரமே வீட்டுக்கு ஒருத்தர் போய் பாக்கணும்னு பேசி வெச்சிருக்கோம். பீளமேட்டு அண்ணா, காலைல அஞ்சரைக்கு அங்க இருப்போம், நீங்களும் வாங்க.