புதுப்பிப்பு: பிஸென் கோப்பையின் சிவப்புக் கோடுகள்

ஜப்பானில் ஒகாயாமா பக்கம் இம்பே ஊரில் வாங்கிய பிஸென் (அந்தப் பகுதியின் மட்பாண்ட வகை) தேநீர்க் கோப்பையைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன்: மேல்பூச்சே இல்லையே, நீர் கசியுமா, சிவப்புக் கோடுகள் கழுவினால் போய்விடுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோடுகள் போகாது. அது சாயமே இல்லை. சூளையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைக்கோல் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோலிலுள்ள பொட்டாசியம் களிமண்ணின் இரும்போடு வினைபுரிய, பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. என் கோப்பையில் ஒரு கோடு விளிம்பில் தொடங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து அடிவரை ஓடுகிறது. யாராவது தூரிகையால் வரைந்திருந்தால் இவ்வளவு அலட்சியமாக, இவ்வளவு அழகாக வந்திருக்காது.

கசிவும் இல்லை. பைன் விறகில் பத்து நாளுக்கு மேல்கூட, ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்தில் சுடுவதால் மண் நன்றாக இறுகிவிடுகிறது. முதல் தடவை மட்டும் தண்ணீரில் ஊறவைத்தேன். அடிப்பக்கம் மேசையைக் கீறியது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. கழுவ வெந்நீர் போதும். ஆனால் நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை வாடை வரும்.

தேநீரின் சுவை கூடும் என்கிறார்களே? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சொரசொரப்பு கைக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், எள் தூவியது போன்ற மஞ்சள் புள்ளிகள் பற்றிக் கேட்டவருக்கு: அது விறகுச் சாம்பல் மேலே விழுந்து உருகியது. அதுவும் கழுவினால் போகாது, தாராளமாக வாங்கலாம்.