எம்.சி.யு. டெஸ்ட்: எக்ஸ்ரே இல்லாமல் பார்க்க வழி உண்டா?

நிலா அம்மா:
மகளுக்கு ஒன்பது மாதம். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று இரண்டாவது முறையாக வந்து, இப்போதுதான் தேறியிருக்கிறாள். ஸ்கேனில் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறதாம். எம்.சி.யு. எடுக்கச் சொல்கிறார்கள்; டியூப் போட்டுச் சிறுநீர்ப்பைக்குள் சாயம் விட்டு, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுக்கும் டெஸ்டாம். இவ்வளவு சின்ன உடம்பில், அதுவும் அடிவயிற்றில், எக்ஸ்ரே படுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

ஸ்கேன் டாக்டர்:
இருக்கிறது சகோதரி. குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. சிறுநீர் கீழே இறங்காமல் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ரிஃப்ளக்ஸ் என்பார்கள். அல்ட்ராசவுண்டிலேயே இதைப் பார்க்கலாம். சாயத்துக்குப் பதில் சோனோவ்யூ என்ற மருந்தைச் சலைனில் கலந்து சிறுநீர்ப்பைக்குள் விடுவோம். அதில் இருப்பவை பெரும்பாலும் ரத்தச் சிவப்பணுவை விடச் சிறிய வாயுக் குமிழ்கள். திரையில் சிறுநீர்ப்பை வெள்ளையாக மின்னும். ரிஃப்ளக்ஸ் இருந்தால் அந்த வெள்ளைப் பொட்டுகள் மினுமினுத்துக்கொண்டே சிறுநீரகத்துக்குள் ஏறுவது கண்முன்னே தெரியும்.

ரிஃப்ளக்ஸ் ஒரு நிமிடம் வரும், மறு நிமிடம் இருக்காது. எக்ஸ்ரே என்றால் இடைவெளி விட்டுத்தான் எடுக்க முடியும். இதில் குழந்தை சிறுநீர் கழித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். அமெரிக்காவில் 2016லும் ஐரோப்பாவில் 2017லும் குழந்தைகளின் ரிஃப்ளக்ஸ் பார்க்கவென்றே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

கார்த்தி அப்பா:
எங்கள் பையனுக்கு எம்.ஆர். யூரோகிராம், அதாவது எம்.ஆர்.ஐ. மெஷினில் சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தோம். அதிலும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தார்கள்.

ஸ்கேன் டாக்டர்:
அடைப்பு எங்கே, குழாய் அமைப்பு எப்படி என்று பார்க்க அது அருமையான டெஸ்ட். நிலாவுக்கு இப்போதைய கேள்வி அது இல்லை.

நிலா அம்மா:
ரொம்ப நன்றி டாக்டர். டியூப் போடாமல் முடியாதா?

ஸ்கேன் டாக்டர்:
முடியாதும்மா, இதற்கும் டியூப் வேண்டும். மரத்துப்போகும் ஜெல் தடவி, மெல்லிய டியூபாகப் போடச் சொல்லுங்கள். சிறுநீரில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகு போங்கள். குழந்தையை நீங்களே பிடித்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் எம்.சி.யு.வைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரேயைத் தொடர்ந்து பாய்ச்சாமல் துடிப்புத் துடிப்பாக விடும் பல்ஸ்டு ஃப்ளோரோஸ்கோபி மெஷினில் கதிர்வீச்சு நன்றாகக் குறைந்துவிடும். மறுபடி காய்ச்சலோடு தொற்று வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். நான் பயப்படுவது அதற்குத்தான்.